ஈமேக்ஸ் பொதிகளை உருவாக்குவதும் நிறுவுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈமேக்ஸ் உரைத்திருத்திக்கான கூடுதல் பொதிகளை நிறுவும்போதும், சொந்தமாக ஒரு பொதியை எழுதி வெளியிடும்போதும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான விடைகள் இவை. ஈமேக்ஸ் 27 முதல் 30 வரையிலான பதிப்புகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஒரு வசதி பிந்தைய பதிப்பில்தான் வந்தது என்றால் அதை அந்தந்த இடத்திலேயே குறித்திருக்கிறேன். கட்டளைகள், மாறிகள் ஆகியவற்றின் பெயர்களை ஒலிபெயர்த்துத் தந்திருந்தாலும், திருத்தியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் உள்ளிட வேண்டும். மெட்டா-எக்ஸ் (பெரும்பாலான விசைப்பலகைகளில் ஆல்ட் விசையுடன் எக்ஸ்) அழுத்தி, பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டிவிட்டு, டேப் விசையை அழுத்தினால் மீதியை ஈமேக்ஸே நிரப்பிவிடும்.

கேள்வி: ஒரு பொதியை நிறுவும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

இதை யாரும் முதலில் கேட்பதில்லை. ஆனால் கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை இதற்குள்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பேக்கேஜ்-இன்ஸ்டால் கட்டளையை இயக்கியதும், ஈமேக்ஸ் தன்னிடம் ஏற்கெனவே உள்ள களஞ்சியப் பட்டியலில் அந்தப் பொதியைத் தேடுகிறது. அது சார்ந்திருக்கும் பிற பொதிகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, எல்லாவற்றையும் பதிவிறக்குகிறது. ஒவ்வொரு பொதிக்கும் உங்கள் ஈமேக்ஸ் அடைவுக்குள் இருக்கும் எல்பா என்ற உள்ளடைவில், பொதியின் பெயரும் பதிப்பெண்ணும் சேர்ந்த பெயரில் ஒரு தனி அடைவு உருவாகிறது. அங்கே ஆட்டோலோட் கோப்பு ஒன்று தானாக எழுதப்படுகிறது. எந்தக் கட்டளை எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதைச் சொல்லும் அட்டவணை என்று அதைக் கருதலாம். மூல நிரல்கள் பைட்-கம்பைல் செய்யப்படுகின்றன, அதாவது விரைவாக இயங்கும் ஓர் இடைநிலை வடிவத்துக்கு மாற்றப்படுகின்றன. இதோடு, அந்த அடைவு லோட்-பாத் என்ற தேடுபாதையில் சேர்க்கப்பட்டு, ஆட்டோலோட் கோப்பு மட்டும் ஏற்றப்படுகிறது.

கடைசி வரியிலுள்ள "மட்டும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பொதியின் முழு நிரலும் இந்தக் கட்டத்தில் நினைவகத்தில் ஏற்றப்படுவதில்லை. அதன் கட்டளை ஒன்றை நீங்கள் முதன்முறை அழைக்கும்போதோ, வேறொரு நிரல் ரிக்வயர் மூலம், அதாவது பெயர் சொல்லி ஏற்றச் சொல்லும் அழைப்பின் மூலம், கேட்கும்போதோதான் ஏற்றப்படும். ஆக, பதிவிறக்குதல், கம்பைல் செய்தல், ஏற்றுதல் ஆகிய மூன்றும் வெவ்வேறு வேலைகள். வெவ்வேறு நேரங்களில் நடப்பவை. "நிறுவினேன், வேலை செய்யவில்லை" என்று சொல்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, இம்மூன்றில் எது நடக்கவில்லை என்பதைத்தான்.

கேள்வி: பொதிகள் எங்கிருந்து வருகின்றன? குனு எல்பா, நான்-குனு எல்பா, மெல்பா ஆகியவற்றுக்குள் என்ன வேறுபாடு?

ஒரு காலத்தில் ஈமேக்ஸுக்குக் களஞ்சியம் என்று எதுவுமே இல்லை. விக்கிப் பக்கங்களிலிருந்து தனிக்கோப்புகளை எடுத்து ஓர் அடைவில் போட்டு, தேடுபாதையைக் கையால் திருத்திக்கொள்வதே வழக்கம். 2007இல் டாம் ட்ரோமி எழுதத் தொடங்கிய பொதி மேலாளர், 2012இல் வெளியான ஈமேக்ஸ் 24.1இல் உள்ளமைந்த பகுதியாக இடம்பெற்ற பிறகுதான் இன்றைய முறை நிலைபெற்றது.

குனு எல்பா என்பது, ஈமேக்ஸை வெளியிடும் குனு திட்டத்தின் சொந்தக் களஞ்சியம். அதிலுள்ள பொதிகள் ஈமேக்ஸின் பகுதியாகவே கருதப்படுவதால், குறிப்பிடத்தக்க அளவு நிரல் எழுதிய ஒவ்வொருவரும் தம் பதிப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். நான்-குனு எல்பாவுக்கு அந்த ஒப்படைப்பு தேவையில்லை. 2022இல் வந்த ஈமேக்ஸ் 28.1 முதல் அதுவும் இயல்பாகவே பட்டியலில் இருக்கிறது. இவ்விரண்டிலும் ஆசிரியர் பதிப்பெண்ணை உயர்த்தும்போதுதான் புதிய வெளியீடு உருவாகும்.

மெல்பா இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. தன்னார்வலர்கள் நடத்தும் இக்களஞ்சியம், ஒவ்வொரு பொதியின் மூல நிரல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு சிறு குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அங்கே மாற்றம் நிகழும்போதெல்லாம் பொதியைத் தானாகக் கட்டிவிடுகிறது. ஆசிரியர் காலையில் செய்த அரைகுறை மாற்றம் அன்றே உங்கள் கணினிக்கு வந்துவிடக்கூடும். குறியிடப்பட்ட வெளியீடுகளை மட்டும் கட்டும் மெல்பா ஸ்டேபிள் என்ற கிளையும் உண்டு; ஆனால் பல ஆசிரியர்கள் வெளியீட்டுக் குறியிடுவதையே மறந்துவிடுவதால், அங்கே சில பொதிகள் ஆண்டுக்கணக்கில் பழையதாகவே கிடக்கின்றன.

கேள்வி: மெல்பாவை எப்படிச் சேர்ப்பது?

தொடக்கக் கோப்பில், அதாவது ஈமேக்ஸ் திறக்கும்போது படிக்கும் உங்கள் அமைப்புக் கோப்பில், பேக்கேஜ்-ஆர்க்கைவ்ஸ் என்ற பட்டியல் மாறியோடு ஓர் இணையைச் சேர்க்க வேண்டும்: முதல் உறுப்பு மெல்பா என்ற பெயர், இரண்டாவது அதன் பொதி அடைவின் முகவரி. முகவரியின் இறுதியில் சாய்கோட்டை விட்டுவிடாதீர்கள். சேர்த்ததும் பேக்கேஜ்-ரிஃப்ரெஷ்-கன்டென்ட்ஸ் கட்டளையை ஒருமுறை இயக்குங்கள். அதுவரை மெல்பாவில் என்ன இருக்கிறது என்பதே ஈமேக்ஸுக்குத் தெரியாது.

பழைய வழிகாட்டிகள் பேக்கேஜ்-இனிஷியலைஸ் என்ற அழைப்பையும் தொடக்கக் கோப்பில் எழுதச் சொல்லும். 2020இல் வந்த ஈமேக்ஸ் 27.1 முதல், தொடக்கக் கோப்பு படிக்கப்படுவதற்கு முன்பே பொதிகள் செயலூட்டப்பட்டுவிடுவதால் அது தேவையில்லை. இதற்கு ஒரு பக்க விளைவு உண்டு: பொதிகள் வைக்கப்படும் அடைவை மாற்ற விரும்பினால், அந்த அமைப்பை வழக்கமான தொடக்கக் கோப்பில் எழுதிப் பயனில்லை. அதே பதிப்பில் அறிமுகமான முன்தொடக்கக் கோப்பில், அதாவது எர்லி-இனிட் கோப்பில், எழுத வேண்டும்.

கேள்வி: நேற்றுவரை கிடைத்த பொதி இன்று 404 பிழை தருகிறது. களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. உங்களிடம் உள்ள பட்டியல் பழையது. மெல்பா புதிய பதிப்பைக் கட்டியதும் பழைய கோப்பை வைத்திருப்பதில்லை. உங்கள் ஈமேக்ஸோ பழைய பதிப்பின் பெயரைச் சொல்லிக் கேட்கிறது. பட்டியலைப் புதுப்பித்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

கேள்வி: மெல்பாவையும் மெல்பா ஸ்டேபிளையும் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் எப்போதும் மெல்பாவின் பதிப்பே நிறுவப்படுகிறதே, ஏன்?

மெல்பா தன் பதிப்பெண்ணை ஆசிரியர் எழுதியதிலிருந்து எடுப்பதில்லை. மூல நிரலில் கடைசி மாற்றம் நிகழ்ந்த நாளையும் நேரத்தையும் கொண்டு 20240115.1432 என்பது போல அமைத்துக்கொள்கிறது. பொதி மேலாளரோ பதிப்பெண்களை எண்களாக மட்டுமே ஒப்பிடுகிறது. 3.2.1 என்பதை 20240115 என்பதோடு ஒப்பிட்டால் எது வெல்லும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் நேற்று வெளியிட்ட புத்தம்புதிய 4.0 கூட, மூன்று ஆண்டுகளுக்கு முன் மெல்பா கட்டிய பதிப்பிடம் தோற்றுப்போகும்.

இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. பேக்கேஜ்-ஆர்க்கைவ்-பிரையாரிட்டீஸ் என்ற மாறியில் களஞ்சியங்களுக்கு முன்னுரிமை எண் கொடுக்கலாம்; எண் உயர்ந்த களஞ்சியத்தில் பொதி இருந்தால், பிறவற்றின் பதிப்பெண் எவ்வளவு பெரிதானாலும் அவை கருதப்படா. குறிப்பிட்ட சில பொதிகளுக்கு மட்டும் விதிவிலக்கு வேண்டுமென்றால், பேக்கேஜ்-பின்டு-பேக்கேஜஸ் மாறியில் இன்ன பொதி இன்ன களஞ்சியத்திலிருந்தே வர வேண்டும் என்று கட்டிப்போடலாம்.

சார்புப் பொதிகளில் இந்தச் சிக்கல் இன்னும் நுட்பமாக வெளிப்படும். ஒரு பொதியை மெல்பாவிலிருந்தும் அதன் சார்பை ஸ்டேபிளிலிருந்தும் எடுத்தால், முன்னது எதிர்பார்க்கும் செயற்கூறு பின்னதில் இன்னும் வந்திருக்காது. பதிப்பெண் சோதனையில் எந்தக் குறையும் தெரியாது, இயக்கும்போதுதான் வெடிக்கும். ஒன்றோடொன்று நெருங்கிய பொதிகளை ஒரே களஞ்சியத்திலிருந்து எடுப்பதே நல்லது.

கேள்வி: பொதி நிறுவப்பட்டது என்று வந்தது; ஆனால் அதன் கட்டளை மெட்டா-எக்ஸில் தென்படவில்லை.

மூன்று வேலைகளில் ஏற்றுதல் நடக்கவில்லை. ஆட்டோலோட் அட்டவணையில் இடம்பெறும் கட்டளைகள் மட்டுமே, பொதி ஏற்றப்படுவதற்கு முன் கண்ணுக்குத் தெரியும். அட்டவணையில் எவை சேர வேண்டும் என்பதை ஆசிரியர்தான் முடிவுசெய்கிறார்: செயற்கூறின் வரையறைக்கு மேலே, மூன்று அரைப்புள்ளி, மூன்று எண்குறி, அதையடுத்து ஆட்டோலோட் என்ற சொல் கொண்ட ஒரு குறிப்பு வரியை எழுதியிருந்தால் அது சேரும், இல்லாவிட்டால் சேராது. பொதியின் பெயரைச் சொல்லி ரிக்வயர் செய்து பாருங்கள். கட்டளை அப்போது தோன்றினால், பழுது எதுவுமில்லை. தொடக்கக் கோப்பில் அந்த ரிக்வயர் வரியைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

ரிக்வயர் செய்யும்போதே "ஏற்றுக்கோப்பைத் திறக்க முடியவில்லை" என்ற பொருள்படும் பிழை வந்தால், ஒன்று பொதி எல்பா அடைவில் இல்லை, அல்லது பொதியின் பெயரும் உள்ளே இருக்கும் கோப்பின் பெயரும் வேறுவேறு. அடைவைத் திறந்து பார்ப்பதே விரைவான சோதனை. பொதி என்பது வெறும் அடைவுதான். திறந்து பார்க்கத் தயங்க வேண்டியதில்லை.

கேள்வி: யூஸ்-பேக்கேஜ் பயன்படுத்தினால் இதெல்லாம் தேவையில்லை அல்லவா?

யூஸ்-பேக்கேஜ் ஒரு பொதி மேலாளர் அன்று. ஒரு பொதிக்கான அமைப்புகள் அனைத்தையும் ஒரே இடத்தில் ஒழுங்காக எழுத உதவும் மேக்ரோ, அதாவது வேறு நிரலாக விரியும் சுருக்க வடிவம், அது. ஜான் வீக்லி எழுதியது, 2023இல் வந்த ஈமேக்ஸ் 29.1 முதல் உள்ளமைந்தே வருகிறது. அதில் என்ஷூர் என்ற குறிச்சொல்லைக் கொடுத்தால்தான் அது பொதி மேலாளரை அழைத்து நிறுவச் சொல்லும். அதுவும் பொதி இல்லாதபோது மட்டும். ஏற்கெனவே இருக்கும் பொதியை அது மேம்படுத்தாது.

பைண்டு, ஹுக், கமாண்ட்ஸ் போன்ற குறிச்சொற்கள், பொதியை ஏற்றுவதைத் தேவைப்படும்வரை தள்ளிப்போடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கான்ஃபிக் பகுதியில் எழுதிய அமைப்பு "வேலை செய்யவில்லை" என்று தோன்றுவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்: பொதி இன்னும் ஏற்றப்படவில்லை, ஆகவே அந்தப் பகுதி இன்னும் இயங்கவில்லை.

கேள்வி: கையொப்பச் சரிபார்ப்பு தோல்வி என்று நிறுவல் நின்றுவிடுகிறது.

குனு எல்பாவின் பொதிகள் கையொப்பமிடப்பட்டவை. சரிபார்க்கத் தேவையான பொதுத்திறவுகோல் ஈமேக்ஸோடு சேர்ந்தே வருகிறது; ஆனால் திறவுகோலுக்குக் காலாவதி உண்டு. 2019 செப்டம்பரில் பழைய திறவுகோல் காலாவதியானபோது, ஈமேக்ஸ் 26.2உம் அதற்கு முந்தையவையும் ஒரே நாளில் குனு எல்பாவிலிருந்து எதையும் நிறுவ முடியாமல் நின்றன. அதற்காகவே குனு-எல்பா-கீரிங்-அப்டேட் என்ற பொதி உருவாக்கப்பட்டது. அதை நிறுவுவதற்காக மட்டும் பேக்கேஜ்-செக்-சிக்னேச்சர் மாறியை நில் (அணைத்த நிலை) ஆக்கி, நிறுவிய பின் பழைய மதிப்புக்கே திருப்பிவிட வேண்டும். இணையத்தில் காணப்படும் பல விடைகள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. சரிபார்ப்பை நிலையாக அணைத்துவைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கேள்வி: நிறுவும்போது எச்சரிக்கைகள் வரிசையாக ஓடுகின்றன. கவலைப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஆவணச் சரத்தின் வரி நீளமாக இருக்கிறது, இந்தச் செயற்கூறு வழக்கொழிந்தது என்பன போன்றவை ஆசிரியருக்கான செய்திகள், பயன்படுத்துபவருக்கானவை அல்ல. எச்சரிக்கைகளுக்கு நடுவே பிழை என்று ஒரு வரி இருந்தால் அதை மட்டும் படியுங்கள். அந்தக் கோப்பு கம்பைல் ஆகவில்லை என்று பொருள்.

ஈமேக்ஸ் 28இலிருந்து, லிப்ஜிசிசிஜிட் நூலகத்துடன் கட்டப்பட்ட பதிப்புகளில், பைட்-கம்பைல் செய்த நிரலை இயந்திர நிரலாக மாற்றும் நேட்டிவ் கம்பைல் வசதியும் இருக்கிறது. இது நிறுவி முடித்த பிறகும் பின்னணியில் தொடர்வதால், நீங்கள் வேறு வேலையில் இருக்கும்போது திடீரென்று எச்சரிக்கைப் பஃபர் (ஈமேக்ஸ் உரையைக் காட்டும் இடம்) திறந்துகொள்ளும். இடையூறாக இருந்தால் நேட்டிவ்-காம்ப்-அசிங்க்-ரிப்போர்ட்-வார்னிங்ஸ்-எரர்ஸ் மாறிக்கு சைலன்ட் என்ற மதிப்பைக் கொடுங்கள். செய்திகள் பதிவாகும், ஆனால் முகத்தில் வந்து விழாது.

கேள்வி: பொதிகளை மேம்படுத்திய பிறகு புரியாத பிழைகள் வருகின்றன. மூல நிரலைப் படித்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

இது இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி. நானே ஒரு முழு மாலையை இதில் இழந்திருக்கிறேன். திரையில் நீங்கள் படிக்கும் நிரலும், ஈமேக்ஸ் இயக்கும் நிரலும் ஒன்றாக இல்லாமல் இருப்பதே காரணம். அதற்கு மூன்று வழிகளில் வாய்ப்பு உண்டு.

முதலாவது, மேம்படுத்தும்போது பொதியின் பழைய பதிப்பு ஏற்கெனவே நினைவகத்தில் ஏற்றப்பட்டிருந்தால், புதிய கோப்புகளில் சில பழைய வரையறைகளோடு கலந்துவிடலாம். மேம்படுத்தியதும் ஈமேக்ஸை மூடித் திறப்பது இதற்கான எளிய மருந்து.

இரண்டாவது, கம்பைல் செய்த கோப்பும் மூலக்கோப்பும் அருகருகே இருந்தால், மூலம் புதியதாக இருந்தாலும் ஈமேக்ஸ் இயல்பாகக் கம்பைல் செய்ததையே ஏற்றும். பழைய கோப்பைப் பயன்படுத்துகிறேன் என்று ஒரு வரி எச்சரிக்கையை மட்டும் மெசேஜஸ் பஃபரில் விட்டுச்செல்லும். பொதியின் மூலத்தைக் கையால் திருத்துபவர்களுக்கு இது நேரும். லோட்-பிரிஃபர்-நியூவர் மாறியை டி (இயக்கிய நிலை) ஆக்கிவைத்தால் இரண்டில் புதியது எதுவோ அதுவே ஏற்றப்படும்.

மூன்றாவதுதான் மேக்ரோ. செயற்கூறு இயங்கும் நேரத்தில் அழைக்கப்படுகிறது. மேக்ரோவோ கம்பைல் செய்யும் நேரத்திலேயே விரிக்கப்பட்டு, விரிந்த வடிவம் கம்பைல் ஆன கோப்பில் உறைந்துவிடுகிறது. அ என்ற பொதி, ஆ என்ற பொதியிலுள்ள மேக்ரோ ஒன்றைப் பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆவை மட்டும் மேம்படுத்தினால், அவின் கம்பைல் ஆன கோப்பில் பழைய விரிவே தங்கியிருக்கும். அந்த விரிவு ஆவின் உள் செயற்கூறு ஒன்றை அழைத்து, அச்செயற்கூறு புதிய பதிப்பில் நீக்கப்பட்டிருந்தால், அவில் எதுவும் மாறாமலேயே அ உடைந்துவிடும். அ பொதியை மறுபடி கம்பைல் செய்வது மட்டுமே தீர்வு. ஈமேக்ஸ் 29இல் இதற்கென்றே பேக்கேஜ்-ரீகம்பைல், பேக்கேஜ்-ரீகம்பைல்-ஆல் என்ற கட்டளைகள் வந்தன. ஈமேக்ஸையே புதிய பெரும்பதிப்புக்கு மாற்றும்போதும் இரண்டாவது கட்டளையை ஒருமுறை இயக்கிவிடுவது நல்லது. ஏனெனில் ஈமேக்ஸின் சொந்த மேக்ரோக்களும் மாறியிருக்கும்.

கேள்வி: ஆர்க் பொதியை மேம்படுத்தினேன், பதிப்பு பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வருகிறது.

மேலே சொன்னதன் தனி வடிவம் இது. குறிப்புகளும் ஆவணங்களும் எழுதப் பயன்படும் ஆர்க், ஈமேக்ஸோடு உள்ளமைந்தும் வருகிறது, குனு எல்பாவிலும் தனியாகக் கிடைக்கிறது. உங்கள் தொடக்கக் கோப்பு உள்ளமைந்த ஆர்க்கை ஏற்றிய பிறகு புதிய ஆர்க்கை நிறுவினால், புதிய கோப்புகள் பழைய மேக்ரோக்களைக் கொண்டு கம்பைல் ஆகிவிடும். தொடக்கக் கோப்பையே ஆர்க் ஆவணமாக எழுதிவைத்திருப்பவர்களுக்கு இது ஏறத்தாழத் தவிர்க்க முடியாதது. எல்பா அடைவிலுள்ள ஆர்க்கின் அடைவை நீக்கிவிட்டு, ஈமேக்ஸைப் பெரிய எழுத்து க்யூ விருப்பத்துடன், அதாவது எந்த அமைப்பும் படிக்கப்படாமல் திறந்து, வேறு எதையும் செய்வதற்கு முன் ஆர்க்கை நிறுவுங்கள்.

உள்ளமைந்த பிற பொதிகளை மேம்படுத்துவதற்கும் ஒரு தடை உண்டு: ஈமேக்ஸ் இயல்பாக அவற்றைத் தொடாது. பேக்கேஜ்-இன்ஸ்டால்-அப்கிரேட்-பில்ட்-இன் என்ற மாறியை இயக்கினால்தான் தொடும், இது 29.1இல் வந்தது.

கேள்வி: சில பொதிகள் சி கம்பைலர் கேட்கின்றனவே?

எல்லாப் பொதிகளும் ஈமேக்ஸின் சொந்த நிரல்மொழியான லிஸ்ப்பால் மட்டும் ஆனவை அல்ல. விடெர்ம் என்ற முனையப் பொதி, சி மொழியில் எழுதிய ஒரு மாட்யூலை உங்கள் கணினியிலேயே கட்டிக்கொள்கிறது. அதற்கு சிமேக், லிப்டூல் என்ற கட்டுமானக் கருவிகள் வேண்டும். பிடிஎஃப்-டூல்ஸ், பாப்ளர் என்ற பிடிஎஃப் நூலகத்தைப் பயன்படுத்தும் ஒரு தனிச் சேவை நிரலைக் கட்டுகிறது. நிரலின் அமைப்பைப் பகுத்தறிய ஈமேக்ஸ் 29இல் வந்த ட்ரீ-சிட்டர் வசதிக்கான மொழியிலக்கணங்களும் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி மூலம் எடுக்கப்பட்டு, சி கம்பைலரால் கட்டப்படுபவைதான். இவ்வகைப் பொதிகளில் பொதி மேலாளரின் வேலை பதிவிறக்கத்தோடும் லிஸ்ப் பகுதியோடும் முடிந்துவிடுகிறது. மீதி முழுவதும் உங்கள் இயங்குதளத்தின் பொறுப்பு. பிழை வந்தால் ஈமேக்ஸின் செய்தியைப் பார்ப்பதைவிட, கம்பைல் வெளியீடு காட்டப்படும் பஃபரின் முதல் பிழை வரியைப் படிப்பதே பயன்தரும். கடைசி வரியை அல்ல, முதல் வரியை.

கேள்வி: இணைய இணைப்பு இல்லாத கணினியில் நிறுவ முடியுமா?

முடியும். இணைப்புள்ள கணினியில் நிறுவிவிட்டு எல்பா அடைவை அப்படியே படியெடுத்தால் போதும். லிஸ்ப் கோப்புகளும் பைட்-கம்பைல் செய்தவையும் கணினியின் கட்டமைப்பைச் சார்ந்தவை அல்ல. இரு கணினிகளிலும் ஒரே ஈமேக்ஸ் பதிப்பு இருப்பது பாதுகாப்பு: புதிய ஈமேக்ஸில் கம்பைல் செய்த கோப்பு பழையதில் இயங்கும் என்ற உறுதி இல்லை. முன் கேள்வியில் சொன்ன சி மாட்யூல்கள் இதற்கு விதிவிலக்கு. அவற்றை அங்கேயே கட்ட வேண்டும். ஒரே ஒரு கோப்பை மட்டும் எடுத்துச்செல்வதானால், பேக்கேஜ்-இன்ஸ்டால்-ஃபைல் கட்டளை போதுமானது.

கேள்வி: களஞ்சியத்தில் இல்லாத பொதியை கிட்டிலிருந்து நேரடியாக நிறுவலாமா?

ஈமேக்ஸ் 29 முதல் பேக்கேஜ்-விசி-இன்ஸ்டால் கட்டளைக்கு முகவரியைக் கொடுத்தால் போதும். 30இல் யூஸ்-பேக்கேஜுக்குள்ளேயே இதற்கான குறிச்சொல் வந்துவிட்டது. எல்லாப் பொதிகளையும் கிட் வழியாகவே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட மாற்றத்தோடு பூட்டிவைக்க விரும்புபவர்கள் ஸ்ட்ரெய்ட் அல்லது எல்பாக்கா போன்ற மாற்று மேலாளர்களை நாடலாம். ஆனால் அவற்றையும் உள்ளமைந்த மேலாளரையும் ஒரே நேரத்தில் இயங்கவிடாதீர்கள்.

கேள்வி: சொந்தமாக ஒரு பொதி எழுதியிருக்கிறேன். நிறுவத்தக்கதாக மாற்ற என்ன வேண்டும்?

ஒரே கோப்பாக இருந்தால் மிகக் குறைவுதான். முதல் வரியில் மூன்று அரைப்புள்ளிகள், கோப்பின் பெயர், மூன்று சிறுகோடுகள், ஒரு வரி விளக்கம். அதே வரியின் இறுதியில் லெக்சிக்கல்-பைண்டிங் குறிப்பு. அதன் கீழே ஆசிரியர், பதிப்பு, தேவைகள், முகவரி ஆகிய தலைப்பு வரிகள். பின்பு விளக்கவுரைப் பகுதி, நிரல் பகுதி. நிரலின் முடிவில், ரிக்வயர் தேடும் பெயரை அறிவிக்கும் ப்ரொவைட் அழைப்பு. கடைசியில், இக்கோப்பு இத்துடன் முடிகிறது என்று சொல்லும் வரி. அது வெறும் சடங்கு போலத் தோன்றினாலும், ஈமேக்ஸின் பல பதிப்புகளில் பொதி மேலாளர் அதைத் தேடிப் பார்க்கும்.

இவற்றில் பதிப்பு வரி இல்லாவிட்டால் நிறுவல் மறுக்கப்படும். பதிப்பெண் எண்ணில்தான் தொடங்க வேண்டும். கிட் குறிகளில் வழக்கமாக முன்னால் சேர்க்கும் வி என்ற எழுத்து இங்கே செல்லாது. தேவைகள் வரியில் ஈமேக்ஸின் குறைந்தபட்சப் பதிப்பையும் மறக்காமல் எழுதுங்கள். நீங்கள் 30இல் எழுதிச் சோதித்துவிட்டு 24 போதும் என்று போட்டால், பழைய பதிப்பில் இருப்பவர் அதை நம்பி நிறுவி, இல்லாத செயற்கூறில் முட்டிக்கொள்வார்.

பல கோப்புகள் இருந்தால் டார் கோப்பாகக் கட்ட வேண்டும். அதை விரித்தால் பெயரும் பதிப்பெண்ணும் சேர்ந்த ஒரே ஓர் அடைவு வர வேண்டும்; பொதியின் பெயரோடு பிகேஜி என்று முடியும் விவரக்கோப்பு அதற்குள் இருக்க வேண்டும். அடைவின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும், பொதி ஒழுங்காக விரியவில்லை என்று பொதி மேலாளர் நின்றுவிடும். மெல்பா போன்ற களஞ்சியங்கள் இந்த டார் கோப்பைத் தாமே கட்டிக்கொள்வதால், நேரில் பகிர்பவர்களுக்கு மட்டுமே இந்தச் சிரமம்.

கேள்வி: வெளியிடுவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

உங்கள் ஈமேக்ஸில் ஓடுகிறது என்பது சான்றாகாது. உங்கள் தொடக்கக் கோப்பு ஏற்கெனவே ஏற்றிவைத்த ஏதோ ஒரு நூலகத்தின் தயவில் அது ஓடிக்கொண்டிருக்கலாம். ஈமேக்ஸ் 29இல் வந்த இனிட்-டைரக்டரி விருப்பத்துக்கு ஒரு வெற்று அடைவைக் கொடுத்துத் திறந்து, அங்கே பேக்கேஜ்-இன்ஸ்டால்-ஃபைல் மூலம் நிறுவிப் பாருங்கள். விடுபட்ட சார்புகளும் மறந்துபோன ரிக்வயர் வரிகளும் அங்கேதான் வெளிப்படும். அதோடு செக்டாக், பேக்கேஜ்-லின்ட் ஆகிய இரண்டையும் இயக்குங்கள். செக்டாக் ஆவணச் சரங்களைப் பார்க்கும். பேக்கேஜ்-லின்ட், தலைப்பு வரிகளையும், நீங்கள் அறிவித்த குறைந்தபட்ச ஈமேக்ஸ் பதிப்பில் இல்லாத செயற்கூறுகளைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்பதையும் பார்க்கும். சற்றுமுன் சொன்ன 24, 30 குழப்பத்தை இதுவே பிடித்துவிடும்.

மெல்பாவில் சேர்க்க விரும்பினால், இவ்விரண்டும் குறையின்றி முடிந்த பிறகு, பொதியின் பெயரையும் மூலநிரல் இருக்கும் இடத்தையும் சொல்லும் சிறு குறிப்புக் கோப்பை மெல்பாவின் கிட் களஞ்சியத்துக்கு இழுகோரிக்கையாக அனுப்ப வேண்டும். மனிதர்கள்தான் படித்துப் பார்க்கிறார்கள். பெயர் தேர்விலும், எல்லாச் செயற்கூறுகளுக்கும் பொதியின் பெயரே முன்னொட்டாக இருக்க வேண்டும் என்பதிலும் கண்டிப்பாக இருக்கிறார்கள். ஈமேக்ஸ் லிஸ்ப்பில் பெயர்வெளி என்று ஒன்று இல்லாததால், அந்த முன்னொட்டே உங்கள் பொதிக்கும் பிறர் பொதிகளுக்கும் இடையே இருக்கும் ஒரே வேலி.

கேள்வி: பொதியை நீக்குவது எப்படி?

பேக்கேஜ்-டிலீட். இனித் தேவைப்படாத சார்புகளை பேக்கேஜ்-ஆட்டோரிமூவ் நீக்கும்; ஆனால் எவை நீங்களாக விரும்பி நிறுவியவை என்பதை அது பேக்கேஜ்-செலக்டட்-பேக்கேஜஸ் மாறியைக் கொண்டே அறிகிறது. ஈமேக்ஸ் தானாக எழுதும் அமைப்புகளைத் தனிக்கோப்புக்கு மாற்றிவிட்டு அதை ஏற்ற மறந்தவர்களிடம் அந்த மாறி முழுமையாக இராது. ஆகவே ஆம் என்று விடையளிக்கும் முன், நீக்கப்போகும் பட்டியலைப் படியுங்கள்.

கேள்வி: அறிமுகமில்லாத பொதியை நிறுவுவது பாதுகாப்பானதா?

ஈமேக்ஸ் பொதிகளுக்கு வேலியிட்ட தனி இடம் எதுவும் கிடையாது. உங்கள் பயனர் கணக்கால் எதையெல்லாம் படிக்கவும் அழிக்கவும் அனுப்பவும் முடியுமோ, அதையெல்லாம் பொதியாலும் செய்ய முடியும். நிறுவிவிட்டு இயக்காமல் விட்டால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் உண்டு, அது சரியன்று. மேக்ரோக்கள் கம்பைல் செய்யும்போதே இயங்குகின்றன, கம்பைல் செய்வதோ நிறுவலின் ஒரு பகுதி. இதே தன்மையால்தான், நம்பத்தகாத லிஸ்ப் கோப்பு ஒன்றைத் திறந்து அதில் நிரல்நிரப்பலையோ பிழைகாட்டியையோ இயக்கினாலே தீய நிரல் ஓடிவிடக்கூடும் என்ற குறை 2024இல் பதிவுசெய்யப்பட்டது. 2025 பிப்ரவரியில் வந்த ஈமேக்ஸ் 30.1, நம்பத்தகுந்தவை என்று நீங்கள் அறிவித்த கோப்புகளில் மட்டுமே அவ்வாறு மேக்ரோக்களை விரிக்கும்படி அதைச் சரிசெய்தது. ஆனால் அந்தத் திருத்தம் கோப்புகளைத் திறந்து பார்ப்பதற்கு மட்டுமே பொருந்தும். பொதியை நிறுவச் சொல்லி நீங்களே கட்டளையிட்டால் அது குறுக்கே வராது.

மெல்பாவின் பொதிகளுக்குக் கையொப்பமும் இல்லை. சேர்க்கும் நாளில் ஒருமுறை பார்வையிடப்படுகிறதே தவிர, அதன்பின் ஆசிரியர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் யாரும் பார்ப்பதில்லை. நான் பின்பற்றும் முறை எளிது: சிறிய பொதியானால் நிறுவும் முன் மூலத்தைப் படித்துவிடுவேன், பெரும்பாலானவை சில நூறு வரிகள்தான், பெரிய பொதியானால் நீண்ட காலமாகப் பலர் பயன்படுத்துவதையே எடுப்பேன், இருபது வரியில் நானே எழுதிக்கொள்ளக்கூடிய ஒன்றுக்காகப் பொதியே நிறுவுவதில்லை.